பம்பாய் மணியும் கணினியின் காலப் பேரேடும்

இந்தப் பம்பாய் நகரத்துக்கு ஒரு காலத்தில் தனி மணி இருந்தது. கிரீன்விச் நேரத்துக்கு 4 மணி 51 நிமிடம் முந்தியது. இன்று நாம் கையில் கட்டியிருக்கும் கடிகாரத்தைவிட 39 நிமிடம் பிந்தியது. 1906 ஜனவரி முதல் தேதி நாட்டுக்கெல்லாம் பொதுவான இந்தியத் திட்ட நேரம் வந்த பிறகும், சுமார் அரை நூற்றாண்டுக் காலம், அதாவது 1950-கள் வரையில், இங்கே பம்பாய் மணியும் கூடவே ஓடிக்கொண்டிருந்தது. 'பம்பாய் டைம்' என்று சொன்னால் இன்றைய இளைஞர்கள் ஏதோ பத்திரிகையின் பெயர் என்று நினைக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை, நாம் சொல்லி வைக்கவில்லை.

இப்போது ஏதாவது ஒரு கணினியிடம் கேட்டுப் பாருங்கள். 1935 மார்ச் 10, பம்பாயில் காலை 7 மணி. அந்த நேரத்தில் கிரீன்விச்சில் மணி என்ன? கொஞ்சமும் தயங்காமல் 1.30 என்று சொல்லும். அந்த 7 மணி பம்பாய் மணியாக இருந்தால் சரியான விடை 2.09. இந்த 39 நிமிடம் எங்கே தொலைந்தது என்று தேடப் போனதில் கிடைத்ததைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன். நான் கணினி படித்தவன் அல்லன், வியாபாரி. ஆனால் குறிப்பேடும் பேரேடும் எழுதத் தெரிந்தவனுக்கு இது புரியாத சங்கதி இல்லை.

கணினிக்குள் நம் மணி எதுவும் கிடையாது. பெரும்பாலான கணினிகள் 1970 ஜனவரி முதல் தேதி கிரீன்விச் நள்ளிரவிலிருந்து எத்தனை விநாடி ஆயிற்று என்று ஒரே ஒரு எண்ணைத்தான் எண்ணிக்கொண்டு போகின்றன. அந்த எண்ணை மும்பை மணியாகவோ நியூயார்க் மணியாகவோ மாற்றிக் காட்ட ஓர் அட்டவணை வேண்டும். இன்று உலகத்தின் பெரும்பகுதிக் கணினிகளும் கைபேசிகளும் பயன்படுத்தும் அட்டவணை ஒன்றுதான். அமெரிக்காவின் தேசியச் சுகாதார நிலையங்களில் பணியாற்றிய ஆர்தர் டேவிட் ஓல்சன் என்பவர் 1980-களின் நடுவில் அதைத் தொடங்கினார். பின்னர் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலீஸ் வளாகத்தைச் சேர்ந்த பால் எக்கர்ட் அதை வளர்த்தார். எந்த அரசாங்கமும் கேட்டுச் செய்ததல்ல. சம்பளம் இல்லாத தொண்டு. உலகம் முழுவதிலுமிருந்து தன்னார்வலர்கள் அனுப்பும் அரசாணைச் செய்திகளையும் நாளிதழ்த் துணுக்குகளையும் சேர்த்துச் சேர்த்து எழுதப்பட்டது.

அதன் மூலப் பிரதி சாதாரண எழுத்துக் கோப்பு. யாரும் திறந்து படிக்கலாம். அதில் முக்கியமாக இரண்டு வகை வரிகள். ஒன்று 'ஜோன்' வரி: இந்த ஊர் கிரீன்விச்சுக்கு இத்தனை மணி முந்தியது அல்லது பிந்தியது, இந்தப் பெயரில், இந்தத் தேதி வரை. அடுத்த வரி அதற்குப் பிந்திய காலம். அதற்கடுத்தது அதற்கும் பிந்தியது. கடைசி வரிக்கு முடிவுத் தேதி கிடையாது, அதுதான் இன்றைய நடப்பு. இன்னொன்று 'ரூல்' வரி: கோடைக்காலத்தில் கடிகாரத்தை முன்னே தள்ளும் நாடுகளுக்கானது. எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, எந்த மாதம், எத்தனையாவது ஞாயிறு, எத்தனை மணிக்கு, எவ்வளவு தள்ள வேண்டும் என்று கட்டம் கட்டமாக இருக்கும். அமெரிக்காவில் 2007 முதல் மார்ச் இரண்டாம் ஞாயிறு தள்ளி, நவம்பர் முதல் ஞாயிறு திருப்பி வைக்கிறார்கள். தலால் தெருவில் இருக்கும் நம் அன்பர்களுக்கு இது தெரிந்ததுதான்: நியூயார்க் பங்குச் சந்தை கோடையில் நம் மணிக்கு மாலை 7-க்கும் குளிர்காலத்தில் 8-க்கும் திறக்கிறது அல்லவா, அந்த ஒரு மணி வித்தியாசத்தைக் கைபேசி தானாகச் சொல்வது இந்த வரியால்தான்.

இந்த எழுத்துக் கோப்பைக் கணினி அப்படியே படிப்பதில்லை. 'ஸிக்' என்ற ஒரு நிரல் இருக்கிறது, நேர வலயத் தொகுப்பான் என்று சொல்லலாம். குறிப்பேட்டில் எழுதியதைக் கணக்கப்பிள்ளை பேரேட்டில் எடுத்து எழுதுவது போல, அது ஒவ்வோர் ஊருக்கும் ஒரு சிறு கோப்பாகத் தொகுக்கிறது. அந்தக் கோப்பில் வார்த்தை விளக்கம் கிடையாது. எந்த விநாடியில் மணி மாறியது, மாறி எவ்வளவு ஆனது, அதற்கு என்ன சுருக்கப் பெயர், இவ்வளவுதான். கடைசியில் எதிர்காலத்துக்கென ஒரு சிறு சூத்திரம். நமக்கான சூத்திரம் 'ஐ.எஸ்.டி.' என்று போட்டு மைனஸ் 5.30. நாம் முந்தி இருப்பவர்கள் ஆயிற்றே, கழித்தல் குறி ஏன் என்று குழம்ப வேண்டாம். நம் மணியிலிருந்து கிரீன்விச் மணி காண 5.30 கழி என்று பொருள். பற்று, வரவு யார் பக்கம் நின்று எழுதுகிறோம் என்பதைப் பொறுத்தது என்பது கடைக்காரனுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

குறிப்பேட்டில் ஒவ்வொரு பதிவின் அடியிலும் 'இன்னார் மூலமாக இன்ன காரணத்துக்காக' என்று விவரம் எழுதுவோமே, மூலக் கோப்பிலும் அப்படி விவரங்கள் உண்டு. வரியின் தொடக்கத்தில் ஒரு ஹாஷ் குறி போட்டுவிட்டால் அது மனிதர் படிக்க மட்டும். தொகுப்பான் அதைத் தாண்டிப் போய்விடும். பேரேட்டில் அது ஏறாது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கதையின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

இந்தியா முழுமைக்கும் அந்த அட்டவணையில் ஒரே பெயர்தான், 'ஏசியா/கொல்கத்தா'. தலைநகரின் பெயர் வைப்பதில்லை. அந்த நேரத்தைக் கடைப்பிடிக்கும் பகுதியில் மக்கள்தொகை மிகுந்த ஊரின் பெயரை வைப்பது அவர்கள் முறை. பட்டியலுக்குப் பெயர் வைத்த நாளில் கல்கத்தா முன்னால் நின்றது. 2008-ல் எழுத்தைக் கொல்கத்தா என்று மாற்றினார்கள். ஆனாலும் பழைய பெயர் இன்னும் செல்லும், சில மென்பொருள்கள் இன்றுவரை கல்கத்தா என்றே காட்டுகின்றன.

அந்தப் பெயரின் கீழ் உள்ள வரிகளைப் படித்தால் நூற்றைம்பது ஆண்டு வரலாறு தெரிகிறது. முதலில் 5 மணி 53 நிமிடம் 28 விநாடி, கல்கத்தாவின் சூரிய நேரம், 1854 வரை. அது ஹவுராவிலிருந்து ரயில் ஓடத் தொடங்கிய ஆண்டு. அடுத்து 5.53.20. அடுத்து 1870 முதல் 1905 முடிய 5.21.10. பிறகு 5.30. நடுவில் இரண்டாம் உலகப் போர்: 1941 அக்டோபரில் ஒரு மணி முன்னே, 1942 மே மாதத்தில் பின்னே, அதே ஆண்டு செப்டம்பரில் மறுபடியும் முன்னே, 1945 அக்டோபர் 15-ல் பழையபடி.

அந்த 5.21.10 எந்த ஊர் மணி என்று நினைக்கிறீர்கள்? நம்ம மதராஸ் மணிதான்.

நுங்கம்பாக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி 1792-ல் வானாய்வுக் கூடம் கட்டியது. கருவிகளைத் தாங்கிய கருங்கல் தூண் இன்றும் அங்கே வானிலை அலுவலக வளாகத்தில் நிற்கிறது. ஜான் கோல்டிங்காம் என்ற வானியலாளர் மதராஸின் தீர்க்கரேகையை 80 பாகை 18 கலை 30 விகலை என்று கணித்தார். பாகைக்கு 4 நிமிடம் வீதம் பெருக்கினால் 5 மணி 21 நிமிடம் 14 விநாடி வரும். பட்டியலில் 10 விநாடி என்றிருப்பது வேறொரு கணிப்பு. நாலு விநாடிக்குச் சண்டை போட வேண்டாம். நில அளவையும் வானாய்வும் சேர்ந்த ஊர் ஆகையால் மதராஸ் மணிக்கு மதிப்பு இருந்தது. தவிர பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் ஏறக்குறைய நடுவில் விழுந்தது, ஒருவருக்கு அரை மணி முந்தியும் மற்றவருக்குச் சுமார் அரை மணி பிந்தியும். எனவே ரயிலும் தந்தியும் மதராஸ் மணியை எடுத்துக்கொண்டன. மதராஸ் போகாதவனும் மதராஸ் மணிக்கு ரயில் ஏறினான்.

இந்த வானாய்வுக் கூடத்தில் சிந்தாமணி ரகுநாதாச்சாரி என்ற தமிழ்நாட்டவர் உதவியாளராக இருந்து, பின் தானே நேரில் கண்டு கணித்த திருக்கணிதப் பஞ்சாங்கம் வெளியிட்டார் என்பதை இடையில் சொல்லி வைக்கிறேன். அவரைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுத வேண்டும். இன்னொரு வேடிக்கை: 'மதராஸ் மணி' என்று நாடே நம்பிய அந்தக் கூடத்துக்குள்ளேயே ஒரே மணி இல்லை. காந்த அளவைகளை ஜெர்மனியின் கோட்டிங்கன் நேரப்படி எடுத்தார்கள். மழை, வெயில் அளவைகளை மதராஸ் நேரப்படி. கப்பல்காரர்களுக்காக நேரப் பந்தைக் கீழே விட்டது கிரீன்விச் நேரப்படி. ஊருக்குச் சொன்னது உள்ளூர் மணி.

மதராஸ் மணி பம்பாய்க்கு வந்தபோதுதான் தகராறு. 1881 கடைசியில் ஆளுநர் ஜேம்ஸ் பெர்குசன், அரசு அலுவலகங்கள் இனி மதராஸ் மணிப்படி நடக்கும் என்றார். ஊர் ஒத்துக்கொள்ளவில்லை. வணிகர்களும் எதிர்த்தார்கள். எங்கள் சூரியன் எங்கள் தலைக்கு மேல் வரும்போது எங்களுக்கு உச்சி, மதராஸுக்கு உச்சி ஆனால் எங்களுக்கென்ன என்பதே வாதம். 1883-ல் ஆணை திரும்பப் பெறப்பட்டது. மதராஸ் பெயர் தாங்கிய ஒன்றைப் பம்பாய் விரட்டியது அதுதான் முதல் தடவையோ என்னவோ, நாம் சிரித்துக்கொள்ளலாம்.

1906-ல் வந்தது எந்த ஊர் மணியும் அல்ல. 82½ பாகைத் தீர்க்கரேகையின் மணி. அலகாபாத், மிர்சாப்பூர் வழியாகக் காக்கிநாடா பக்கம் இறங்கும் கோடு. முழு மணி, அரை மணி என்று கிரீன்விச்சோடு ஒட்ட வைக்கத் தோதான கோடு. ஆனால் கோடு தோதாக இருந்ததே தவிர பம்பாய் மில் தொழிலாளிக்கு அது தோதாக இல்லை. காலை 6 மணிக்குச் சங்கு என்றால் முன்பு 6 மணி. இப்போது அதே 6 மணி அவன் பழைய கணக்கில் 5.21. ஆலைக்காரர் ஒரு பைசா கூடுதல் தராமல், ஒரு விதி மாற்றாமல், முள்ளை மட்டும் நகர்த்தி அவனை இருட்டில் எழுப்பினார். அந்த ஜனவரியிலேயே பருத்தி ஆலைத் தொழிலாளர் சில ஆயிரம் பேர் கலகம் செய்தார்கள். அது வங்கப் பிரிவினையும் சுதேசியும் சூடாக இருந்த காலம்; அரசாங்கம் தரும் எதையும் சந்தேகத்தோடு பார்த்த காலம். நகராட்சி மன்றம் பம்பாய் மணியையே வைத்துக்கொண்டது. ரயில் நிலையத்தில் ஒரு மணி, வெளியே நகராட்சிக் கடிகாரத்தில் 39 நிமிடம் குறைந்த மணி. பத்திரிகைகள் இதைக் கடிகாரப் போர் என்றே எழுதின. கல்கத்தாவும் தன் மணியை 1948 வரை வைத்திருந்தது. அது திட்ட நேரத்துக்குச் சுமார் 24 நிமிடம் முந்தியது.

இதில் பிடிவாதம் மட்டும் இருந்தது என்று நான் நினைக்கவில்லை. மும்பைக்கும் கொல்கத்தாவுக்கும் சூரிய கதியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம். பொழுது சாய்வதற்குள் உண்டு முடிக்கும் எங்களைப் போன்ற சமணக் குடும்பங்களுக்கு இது புத்தகச் செய்தி அல்ல. மார்கழியில் கொல்கத்தா உறவினர் வீட்டில் ஐந்து மணிக்கு முன்பே இலை எடுத்தாக வேண்டும். இங்கே ஆறு மணி வரை அவகாசம். கடிகாரம் இரண்டு ஊரிலும் ஒன்றுதான், பொழுது வேறு.

சரி, அரை நூற்றாண்டு ஓடிய பம்பாய் மணி பட்டியலில் ஏன் இல்லை? காரணம் அவர்கள் வகுத்துக்கொண்ட ஒரு விதி. 1970-க்குப் பிறகு இரண்டு ஊர்களின் கடிகாரம் ஒரே மாதிரி ஓடியிருந்தால் இரண்டுக்கும் ஒரே பெயர் போதும். கணினியின் எண்ணிக்கை 1970-ல் தொடங்குகிறது அல்லவா, அதனால் அந்த எல்லை. 1970-க்கு முந்தியது கிடைத்தவரை எழுதப்படும், அதுவும் பெயர் பெற்ற ஊருக்கே. 1970-க்குப் பிறகு இந்தியா முழுவதும் ஒரே மணி. ஆகவே ஒரே ஜோன். பம்பாய்க்கு இடமில்லை, மதராஸுக்கும் தன் பெயரில் இடமில்லை. நடைமுறைக்கு நல்ல விதிதான், இல்லாவிட்டால் ஊருக்கு ஒரு கோப்பு என்று பட்டியல் வீங்கிப் போகும். ஆனால் வரலாறு படிப்பவன் இந்த விதியைத் தெரிந்துகொள்ளாமல் அட்டவணையைத் தொட்டால் ஏமாந்து போவான்.

பம்பாயை அவர்கள் அறியாமல் விட்டார்கள் என்றும் சொல்ல முடியாது. மூலக் கோப்பில் இந்தியப் பகுதிக்கு மேலே, 1906 ஜனவரியில் பம்பாய் ஆலைத் தொழிலாளர் கலகம் செய்ததையும் கடிகாரப் போர் அரை நூற்றாண்டு நீடித்ததையும் குறித்திருக்கிறார்கள். மதராஸ் வானாய்வுக் கூடத்தின் நாலு மணிக் கதையும் அங்கே இருக்கிறது. இந்தியாவின் பழைய நேரங்களை உறுதிப்படுத்துவது எளிதல்ல என்ற எச்சரிக்கையும் உண்டு. எல்லாம் ஹாஷ் குறிக்குப் பின்னால். தொகுப்பான் தாண்டிப் போய்விடுகிறது. உங்கள் கைபேசியில் இருப்பது பேரேடு மட்டும்.

பேரேடும் மாறாதது அல்ல. 2017 வரை அந்த அட்டவணையில் கொல்கத்தாவுக்கு 5.53.20 என்ற நகர மணியே 1941 வரை ஓடியதாக இருந்தது. 2017-ல் அதைத் திருத்தி, 1870 முதல் மதராஸ் மணி, 1906 முதல் 5.30 என்று எழுதினார்கள். ஆக, 1920-ம் ஆண்டின் ஒரே கல்கத்தாத் தந்தியை 2017-க்கு முந்திய அட்டவணை உள்ள கணினியிலும் பிந்தியதிலும் போட்டால் 23 நிமிடம் 20 விநாடி வித்தியாசம் வரும். எது சரி? என் எண்ணம்: ரயில், தந்தி, அரசு ஆகியவற்றின் கடிதங்களுக்குப் புதியது சரி. கல்கத்தா நகரத்து மனிதர்களின் கடிதங்களுக்குப் பழையதே பொருத்தம். ஒரு பெயரின் கீழ் ஒரு வரிதான் எழுத முடியும் என்பதால் அரசாங்கத்தின் மணி உள்ளே வந்தது, தெருவின் மணி வெளியே போனது.

இதனால் யாருக்கு நஷ்டம் என்று கேட்கலாம். முதலில் ஜாதகக்காரர்களுக்கு. 1930-களில் மாட்டுங்காவில் பிறந்த ஒருவரின் குறிப்பில் 'காலை மணி 7' என்று மட்டும் இருந்தால் அது எந்த மணி? தகப்பனார் ரயில்வேக்காரர் என்றால் திட்ட நேரமாக இருக்கலாம், மற்றவர் என்றால் பம்பாய் மணியாக இருக்கலாம். ஒரு லக்னம் சுமார் இரண்டு மணி நேரம். அதில் 39 நிமிடம் என்பது மூன்றில் ஒரு பங்கு. பழைய ஜோதிடர்கள் கேட்டு எழுதினார்கள். 1942–45 பிறப்பு என்றால் 'யுத்த டைமா?' என்று கேட்கும் வழக்கம் இருந்தது. இப்போது கணினி ஜாதகம் எதையும் கேட்பதில்லை.

ஜோதிடத்துக்கும் இந்த அட்டவணைக்கும் பழைய உறவு என்பது பலருக்குத் தெரியாது. பழைய காலத்து நேர மாற்றங்களில் பலவற்றை ஓல்சனும் எக்கர்டும் எடுத்தது தாமஸ் ஷாங்க்ஸ் தொகுத்த அட்லஸ்களிலிருந்து. அவை அமெரிக்க ஜோதிடர்களுக்காக அச்சிட்டவை. அதன் உரிமை தமக்கு என்று சொல்லி அஸ்ட்ரோலேப் என்ற ஜோதிட மென்பொருள் நிறுவனம் 2011-ல் மாசசூசெட்ஸில் இருவர் மீதும் வழக்குப் போட்டது. ஓல்சன் அட்டவணையை இணையத்திலிருந்து எடுத்துவிட்டார். இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகான் அமைப்பு அந்த அக்டோபரிலேயே பொறுப்பை ஏற்று மறுபடி வெளியிட்டது. எந்த ஊரில் எப்போது மணி மாறியது என்பது நடந்த சங்கதி, அதற்கு யாரும் சொந்தக்காரர் ஆக முடியாது என்ற வாதத்தின் முன் 2012 பிப்ரவரியில் வழக்கு திரும்பப் பெறப்பட்டது.

இரண்டாவது நஷ்டம், அரசின் மணியைவிட வேறு மணியில் வாழ்ந்தவர்களுக்கு. இதற்கு ஈழத்தைவிட நெருங்கிய உதாரணம் நமக்கு வேண்டாம். மின்பற்றாக்குறையால் இலங்கை அரசு 1996 மே மாதம் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளி 6.30 ஆக்கியது, அக்டோபரில் 6.00 ஆக்கியது, 2006 ஏப்ரலில்தான் பழைய 5.30-க்குத் திரும்பியது. வடக்கில் புலிகள் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகள் மாற்றவே இல்லை. பத்தாண்டுக் காலம் ஒரே தீவில் இரண்டு மணி. அட்டவணையில் 'ஏசியா/கொழும்பு' மட்டும் உண்டு. தமிழ்ப் பகுதியில் இருப்பவர்கள் 'ஏசியா/கொல்கத்தா'வைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று எக்கர்ட் 2006-ல் ஒரு குறிப்பு எழுதினார். அதுவும் ஹாஷ் குறிக்குப் பின்னால்தான். அசாமின் தேயிலைத் தோட்டங்களில் திட்ட நேரத்துக்கு ஒரு மணி முந்திய 'பாகான் டைம்' உண்டு. அதற்குக் குறிப்புக்கும் மேலே இடம் கிடையாது.

நம் போன்ற சங்கங்களின் பழைய நிகழ்ச்சி அழைப்பிதழ், கூட்டக் குறிப்பு, தந்தி, ஜாதகம் இவற்றைக் கணினியில் ஏற்றும் வேலை இப்போது பல இடங்களில் நடக்கிறது. அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. 'மாலை 6 மணி' என்று இருந்தால் அப்படியே 6 மணி என்று எழுதுங்கள், எந்த மணி என்று பக்கத்தில் குறியுங்கள். கணினியே கிரீன்விச்சுக்கு மாற்றிச் சேமித்துக்கொள்ள விடாதீர்கள். அப்படி மாற்றியதைப் பின்னால் பிரித்தெடுக்க முடியாது. 2017-ல் போல அட்டவணை இன்னொரு முறை திருத்தப்பட்டால் சேமித்த எண் அப்படியே நின்று, காட்டும் மணி மட்டும் மாறிப்போகும்.

ஸிக் தொகுப்பானை யார் வேண்டுமானாலும் தன் கணினியில் ஓட்டலாம், தானே வரி எழுதித் தரலாம். எனக்குத் தெரிந்த கணினிப் பொறியாளர் ஒருவரை உட்கார வைத்து, பம்பாய்க்கு ஒரு ஜோன் எழுதிப் பார்த்தோம். 4.51 என்று போட்டு முடிவுத் தேதிக் கட்டத்துக்கு வந்ததும் அவர் நிறுத்திவிட்டார். ரயிலுக்கு எந்தத் தேதி, நகராட்சிக்கு எந்தத் தேதி, 1881 முதல் 1883 வரை அரசு அலுவலகத்துக்கு எந்த மணி என்று கேட்டார். ஒரே கோப்பில் இது அடங்காது என்று முடிவு செய்து, 'பம்பாய் அரசு' என்று ஒன்றும் 'பம்பாய் நகராட்சி' என்று ஒன்றுமாக இரண்டாக எழுதினோம். நகராட்சிக் கோப்பில் திட்ட நேர வரி 1950-களில் ஒரு தேதியில் தொடங்குகிறது. அரசுக் கோப்பில் 1906 ஜனவரி முதல் தேதியில். ஆவணத்தைப் போடுமுன் அது எந்த மேசையில் எழுதப்பட்டது என்று பார்த்து இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறோம்.